ஒதுங்கிய 31 வரிகள்

என் அத்தைக்கு வயது 71. பெருங்களத்தூரில் இருக்கிறார். ஓர் இலவசக் கண் முகாமில் பார்த்து, வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணுக்கு மூன்று மாதத்தில் தாங்களே கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து மாதம் ஆகியும் அழைப்பு வரவில்லை. "எத்தனையோ பேரு வந்தாங்க, என்னை எங்க ஞாபகம் இருக்கப்போவுது, விடுப்பா" என்றார் அத்தை.

எனக்கு மனம் கேட்கவில்லை. முகாம் நடத்திய அறக்கட்டளைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்மணி கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க லிஸ்ட்ல இருக்காங்க சார். ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இல்ல. இவங்க மட்டும் இல்ல, இன்னும் சில பேர் விட்டுப்போயிருக்காங்க. நாளைக்கு அதைத்தான் உக்காந்து பாக்கப் போறோம். நீங்களும் வாங்களேன்."

மறுநாள் காலை மின்ரயிலில் தாம்பரம் இறங்கி, மேற்குப் பக்கம் வெளியே வந்தேன். சண்முகம் சாலைக் கடைகளைத் தாண்டி முடிச்சூர் சாலையைப் பிடித்தால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் அலுவலகம். ஒரே அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு பீரோ, மூலையில் சுருட்டி வைத்த முகாம் பேனர்கள். போனில் பேசிய அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் பல வருடம் டேட்டா வேலை பார்த்தவர். கூட ஒரு இளைஞன், கல்லூரி முடித்து இரண்டு வருடம். அவன் அவரை அக்கா என்கிறான், அவர் அவனைத் தம்பி என்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஐந்து வீட்டுச் சாமான்

விஷயம் இதுதான். முகாமுக்கு வந்தவர்களின் விவரம் ஐந்து இடங்களில் கிடக்கிறது. பல்லாவரம் பக்கத்து முகாம்கள் பழைய ஃபாக்ஸ்ப்ரோவில். தாம்பரத்தின் பட்டியல் மைஎஸ்க்யூஎல்லில். சேலையூர்ப் பக்கம் கூட்டுச் சேர்ந்த இன்னோர் அமைப்பிடம் எஸ்க்யூஎல் சர்வர். தெருத்தெருவாகப் போகும் தன்னார்வலர்கள் அனுப்புவது எக்செல். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனையில் ஆரக்கிள். இவை எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இவர்கள் இருக்கிறார்கள்.

ஃபாக்ஸ்ப்ரோ, எக்செல் இரண்டையும் ஒதுக்கிவிட்டால், மிச்சமுள்ளவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரைதான் வீட்டுக்கு அஸ்திவாரம். தகவலை அட்டவணைகளாக வைத்தால், அது வட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாமலேயே அதைக் கேள்வி கேட்டு எடுக்கலாம் என்றார் அவர். எஸ்க்யூஎல் என்ற கேள்வி மொழி அதிலிருந்து பிறந்தது. ஆனால் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சமையல் முறை வந்துவிட்டது. ஒரு வீட்டில் சரியென்று வாங்கிக்கொள்வதை இன்னொரு வீடு திருப்பி அனுப்புகிறது.

தம்பி முதல் ஃபைலை ஏற்ற முயன்றான். ஃபைலே இல்லை என்று பதில் வந்தது. அவன் பதறவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் காப்பி என்ற கட்டளையைக் கொடுத்தால், அது ஃபைலைத் தேடுவது சர்வரின் வட்டில். நம் முன்னால் உள்ள கம்ப்யூட்டரில் அல்ல. முன்னால் ஒரு சாய்கோடு போட்டுக் கொடுக்கும் காப்பிதான் நம் பக்கத்திலிருந்து எடுத்துப்போகும். மைஎஸ்க்யூஎல்லிலும் சர்வர் குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்கு வெளியே எதையும் படிக்காதபடி பூட்டு வைத்திருக்கும். "பாதிப் பேரு இந்த இடத்துலயே ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மறுபடி மறுபடி சேவ் பண்ணி நெஜமாவே கெடுத்துடுவாங்க" என்றார் அக்கா.

ஏற்றும் முன் அவர் இரண்டு காரியம் செய்யச் சொன்னார். ஒன்று, பேக்கப். இரண்டு, வரும் எதையும் நேராக உண்மையான டேபிளில் வைக்கக் கூடாது. எல்லாப் பத்திகளும் வெறும் எழுத்தாக இருக்கும் ஒரு தற்காலிக டேபிளில் முதலில் இறக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் திண்ணை. "யாரு, என்னன்னு தெரியாதவங்களை மொதல்ல திண்ணையில உக்கார வெச்சுத்தானே பேசுவோம்? தேதி தேதியா இருக்கா, நம்பர் நம்பரா இருக்கான்னு அங்கயே பாத்துட்டு உள்ள கூப்பிடணும்."

கேள்விக்குறி வந்தால் எழுத்து போச்சு

தன்னார்வலர் ஒருவர் அனுப்பிய சிஎஸ்வி ஃபைலைத் தம்பி எக்செல்லில் இரண்டு முறை தட்டித் திறந்தான். தமிழ்ப் பெயர் ஒன்றையும் காணோம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர். இந்த இரண்டும் திரும்பத் திரும்பக் கட்டம் முழுக்க நிறைந்திருந்தன. எனக்குப் பகீரென்றது. அக்கா முகத்தில் நிம்மதி.

காரணத்தை விளக்கினார். யூனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். தமிழுக்கான இடம் ஒரே வரிசையில் இருப்பதால், முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அதைப் பழைய மேற்கத்திய எழுத்து முறை என்று எண்ணி எக்செல் படித்தால், அந்த முதல் இரண்டு பைட்டும்தான் சாய்கோடு ஏ-வாகவும் வட்ட ஆர்-ஆகவும் கண்ணில் படுகின்றன. அதாவது, எழுத்து உயிரோடு இருக்கிறது, படிக்கும் கண்ணாடிதான் தவறு. ஃபைலை மூடிவிட்டு, டேட்டா மெனுவின் வழியாக யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் வந்துவிடும். வந்தது.

ஆனால் அந்தக் கோலத்தில் யாரும் சேவ் பண்ணியிருக்கக் கூடாது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியின் கடைசி பைட் விழும் இடம் அந்த மேற்கத்திய அட்டவணையில் காலியாக இருக்கிறது. சில மென்பொருள்கள் காலியிடத்தைக் கண்டால் அங்கே வேறெதையாவது போட்டு மூடிவிடும். பிறகு க்-கும் க-வும் பிரித்தறிய முடியாமல் போகும்.

அடுத்து சேலையூர்ப் பட்டியல். அதில் சில வரிகளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். இங்கே அக்கா பெருமூச்சு விட்டார். எஸ்க்யூஎல் சர்வரில் வார்சார், என்வார்சார் என்று இரண்டு வகைப் பத்தி உண்டு. வார்சாரில் பொதுவாக ஒரு பழைய எழுத்து அட்டவணைக்குள் அடங்குவதுதான் நிற்கும். விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு பழைய அட்டவணையே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். ஆகவே அங்கே போன தமிழ் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிப் பதிவாகிறது. என்வார்சார் பத்தியே இருந்தாலும், எழுதும் கட்டளையில் மேற்கோளுக்கு முன் என் என்ற ஆங்கில எழுத்தைப் போட மறந்தால் அதே கதி. 2019 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 வசதி வந்திருக்கிறது. முன்பே போனதை அது மீட்டுத் தராது. பதிவானது கேள்விக்குறிதான், அதற்கு அடியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. தம்பி அந்த வரிகளின் அடையாள எண்களைத் தனியே குறித்துக்கொண்டான். அவர்களின் காகிதப் படிவத்தை பீரோவிலிருந்து எடுத்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்.

பல்லாவரம் ஃபைலில் இருந்த தமிழ் இன்னொரு வகை. யூனிகோடு வருவதற்கு முன் எல்லோரும் புழங்கிய பாமினி எழுத்துரு. அதில் கம்ப்யூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான்; எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. தாம்பரம் என்பது ஜே, எச், கே, அரைப்புள்ளி, ஜி, யூ, கே, அரைப்புள்ளி என்று போகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளி! ஃபைலைப் பத்திகளாகப் பிரிக்கும் அடையாளமாக யாராவது அரைப்புள்ளியை வைத்துவிட்டால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பத்தி உடைகிறது. பெயரின் பாதி முகவரிக்குள் போகிறது, முகவரி போன் நம்பருக்குள் போகிறது. பிரிப்பானை டேப்-ஆக மாற்றி, யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுத்து எடுத்த பிறகுதான் திண்ணைக்கே வந்தது.

மைஎஸ்க்யூஎல் பட்டியல் மட்டும் சமர்த்தாக ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று தவறான எழுத்து என்று நின்றது. குறிப்புப் பத்தியில் யாரோ தன்னார்வலர் போனிலிருந்து கைகூப்பும் படம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்-8 என்ற பெயரில் வெகுகாலம் இருந்தது மூன்று பைட் வரை மட்டுமே கொள்ளும். தமிழ் மூன்று பைட்டில் அடங்குவதால் நமக்குக் குறை தெரியாது. அந்தக் கைகூப்பலுக்கு நான்கு வேண்டும். எம்பி4 என்று முடியும் வகைக்கு மாற்ற வேண்டும், 8.0 பதிப்பில் அதுவே இயல்பு. படங்களுக்கு மட்டும்தானே என்று விட்டுவிட முடியாது. முந்திரி, காணி, மா என்ற நம் பழைய பின்னக் குறிகளுக்கு 2019-ல் யூனிகோடில் இடம் கிடைத்தது. அவையும் நான்கு பைட்தான். பழைய நிலக் கணக்கைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் இதை இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

கதவு எண் தேதியானது

எக்செல் பட்டியலில் ஒரு முகவரி: 12-மார்ச், இரண்டாவது குறுக்குத் தெரு. நம் ஊரில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்து 12/3 என்று எழுதுவது வழக்கம். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. உள்ளே அது வைத்திருப்பது தேதியைக்கூட அல்ல, 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நாள் கணக்கை. 2024-ல் தட்டியிருந்தால் 12/3 என்பது 45363. சிஎஸ்வியாக மாற்றி ஏற்றும் வழியைப் பொறுத்து, கதவு எண் 45363 என்றே டேபிளில் போய் உட்காரக்கூடும். கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தாலோ, அதே 12/3 டிசம்பர் 3 ஆகிவிடும். 45/2ஏ போல எழுத்து ஒட்டியிருந்த எண்கள் மட்டும் தப்பித்தன.

தொலைபேசிப் பத்தியிலும் இதே கூத்து. 044 என்று தொடங்கும் வீட்டு எண்களில் முதல் சுழியம் காணாமல் போயிருந்தது. 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்களில் மிச்ச இலக்கங்களை எக்செல் சுழியமாக்கிவிடும். பரிகாரம் எளிது: கட்டங்களை முதலில் எழுத்து வகை என்று குறித்துவிட்டுப் பிறகு தட்டுவது. நடந்த பிறகு திருத்துவதுதான் கஷ்டம். 12/3 என்று எழுதினார்களா, 12-3 என்றா என்று தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உலகமே இதில் அடிபட்டிருக்கிறது. மார்ச்1 என்று பெயருள்ள மரபணுவை எக்செல் மார்ச் மாதமாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் அந்த வகைப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். கொரோனா தொற்று உறுதியானவர்களின் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்தில் கையாண்டார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் இடம். அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் உதிர்ந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 2 வரை 15,841 பேர் தினசரிக் கணக்கில் விட்டுப்போனார்கள். அவர்களோடு பழகியவர்களை எச்சரிக்கும் வேலை நாள்கணக்கில் தாமதமானது.

தம்பிக்கு இந்தக் கதை முன்பே தெரியும். "அங்க எர்ரர்னு ஒரு மெசேஜ் வந்திருந்தா யாராவது பாத்திருப்பாங்க சார்" என்றான்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

எல்லாம் திண்ணைக்கு வந்தாயிற்று. இனி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். ஊர்ப் பெயரை வைத்து ஜாயின் போட்டான் தம்பி. குரோம்பேட்டையில் பாதிப் பேர் சேரவில்லை. இரண்டு பட்டியலிலும் குரோம்பேட்டை என்றே தெரிகிறது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், ஒரு வேறுபாடும் இல்லை.

ரோ என்ற எழுத்தில் இருந்தது சூட்சுமம். ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. பைட்டாகப் பார்த்தால் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும் சில கருவிகள் இரண்டாகவே விட்டுவிடும். இதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடே ஒரு முறை வகுத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்கு நார்மலைஸ் என்ற கட்டளை 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஓடவிட்டதும் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டார்கள்.

அப்படியும் சேராதவர்கள் இருந்தார்கள். அனகாபுத்தூரின் கடைசி ர் சிலரிடம் ர் அல்ல. காலின்மேல் புள்ளி வைத்தது. கை எழுத்தில் அது குற்றமில்லை. யூனிகோடில் காலும் ரகரமும் வேறு வேறு ஆட்கள். இதற்கு நார்மலைஸ் உதவாது, தனியாகத் தேடி மாற்ற வேண்டும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடம், கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகலக் குறிகள், சிஎஸ்வியின் முதல் பத்தித் தலைப்புக்கு முன்னால் ஒளிந்திருக்கும் மூன்று பைட் அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன.

எழுத்து சரியாக இருந்தும் சேராதது ஒன்று மிச்சம். தாம்பரம் 2019 நவம்பர் 29 வரை காஞ்சிபுரம் மாவட்டம். அன்றிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். பழைய ஃபாக்ஸ்ப்ரோ ஆளும் புதிய எக்செல் ஆளும் ஒரே தெருவில் இருந்தாலும் மாவட்டம் வேறு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆனது. அதற்கு முன் இந்தப் பத்து ஊருக்கும் தனித்தனி 1-ஆம் வார்டு இருந்தது. பழைய பட்டியலில் வார்டு 1 என்று இருந்தால், அது எந்த ஊரின் 1? வார்டு எண்ணை மட்டும் அடையாளமாக வைத்துச் சேர்த்தால் பம்மல்காரர் மாடம்பாக்கத்தில் போய் நிற்பார். அக்கா இதற்கென்று ஒரு சின்ன டேபிள் கட்டியிருக்கிறார்: பழைய ஊர், பழைய வார்டு, எந்தத் தேதி வரை, இப்போது எது. ஊரும் வார்டும் சேர்ந்த இரட்டைத் திறவுகோல்.

ஆட்களின் பெயர் இன்னும் நுட்பம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரு பட்டியலில் அது முன்னால், இன்னொன்றில் பின்னால். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் அப்பா, பின் கணவர். ஒரே தெருவில் மூன்று லட்சுமி. போன் நம்பர் வீட்டுக்கே ஒன்று. ஆகவே பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பி இவர்கள் யாரையும் ஒன்றாக்குவதில்லை. பெயர், பிறந்த ஆண்டு, போன், எந்தக் கண் என்று நான்கையும் கணினி பக்கத்தில் வைத்துக் காட்டும். முடிவை மனிதர் எடுக்கிறார்.

யாரையும் அழைக்க வேண்டியதில்லை என்ற பதில்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொயரிகளைப் பார்த்தோம். இன்னும் அழைக்கப்படாதவர்கள் யார் என்று கேட்கும் ஒரு கொயரியை முன்பு யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மொத்தப் பட்டியலில், அழைத்தவர் பட்டியலுக்குள் இல்லாதவர்களைக் கொடு என்று நாட் இன் போட்டது. ஓட்டினால் வெறும் பூஜ்யம்.

அழைத்தவர் பட்டியலில் ஒரே ஒரு வரியில் அடையாள எண் நல், அதாவது எதுவென்று தெரியாது என்ற நிலை. அத்தையின் எண் அந்தத் தெரியாத எண்ணுக்குச் சமமா என்று கேட்டால் எஸ்க்யூஎல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. உறுதியாக இல்லை என்று தெரிந்தவர்களை மட்டுமே அது வெளியே விடும். ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றி எழுதியதும் பெயர்கள் வரிசையாக வந்தன. ஆரக்கிளில் இதற்கு இன்னொரு கூடுதல் சிக்கல்: அங்கே காலியாக விட்ட எழுத்துக் கட்டமும் நல்தான். மற்றவற்றில் காலி வேறு, நல் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது, போன் இல்லை என்று சொன்னவரும் போன் கேட்கப்படாதவரும் கலந்துவிடுவார்கள்.

லெஃப்ட் ஜாயினிலும் ஒரு ஆள்விழுங்கி உண்டு. எல்லா நோயாளிகளும் வேண்டும், அறுவைத் தேதி இருந்தால் அதுவும் வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறோம். கீழே வேர் என்ற நிபந்தனைப் பகுதியில் தேதி இந்த ஆண்டில் இருக்க வேண்டும் என்று எழுதினால், தேதியே இல்லாதவர்கள் எல்லோரும் மறைந்துவிடுவார்கள். அந்த நிபந்தனை ஜாயினுக்குள் இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது, ஆள் பெருகுவது. இரண்டு போன் நம்பர் கொடுத்தவர் ஜாயினில் இரண்டு ஆளாகிறார். ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட்டை உடனே போட்டு அமுக்கப் பார்த்த தம்பியை அக்கா தடுத்தார். "எதனால ரெண்டாச்சுன்னு மொதல்ல பாரு. காரணம் தெரியாம அமுக்கினா, நெஜமாவே ரெண்டு பேரா இருக்கறவங்களையும் ஒண்ணாக்கிடுவ."

ஃபாக்ஸ்ப்ரோவில் இருந்து வந்தவர்களில் சிலர் இறந்துபோனவர்கள் என்று தம்பி கண்டுபிடித்தான். அந்தக் காலத்து ஃபைலில் ஒரு வரியை நீக்கினால் அது உடனே போகாது. நீக்கப்பட்டது என்று ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் அகலும். குறியைக் கவனிக்காத கருவி ஒன்றால் மாற்றியபோது எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்குப் போன் போயிருந்தால் எடுப்பவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

42 பைட்

மருத்துவமனையின் கணினி ஊழியர் மாலை நான்கு மணிக்கு இரண்டு ஃபைல் அனுப்பினார். ஆரக்கிளில் எஸ்க்யூஎல் லோடர் என்ற கருவி பட்டியலை ஏற்றும்போது, ஏற மறுத்த வரிகளைத் தனி ஃபைலில் ஒதுக்கி வைக்கும். காரணத்தை இன்னொன்றில் எழுதும். ஐந்து மாதமாக அவை அங்கேயே இருந்திருக்கின்றன. யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஒதுங்கியவை 31 வரிகள். காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்று: பிழை எண் 12899, பத்தியின் அளவுக்கு மீறியது. இயல்பான அமைப்பில் 50 பிழையைத் தாண்டினால் லோடர் வேலையை நிறுத்திக்கொள்ளும். 31 என்பதால் நிற்கவும் இல்லை, வேலை முடிந்தது என்றே தோன்றியது.

தம்பி ஊர்ப் பத்தியைப் பார்த்தான். பெருங்களத்தூர், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர். வேறு ஊரே இல்லை. ஆனால் பீர்க்கன்கரணைக்காரர்கள் சிலர் மருத்துவமனைப் பட்டியலில் சரியாக இருக்கிறார்கள். அவன் ஒரு காகிதத்தை எடுத்து எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து எழுத ஆரம்பித்தான்.

நாம் எண்ணினால் பெருங்களத்தூர் எட்டு எழுத்து. யூனிகோடு அப்படி எண்ணாது. பகரம் ஒன்று, ஒற்றைக் கொம்பு ஒன்று. ஙகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பார்த்தால் பதினான்கு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 42. மருத்துவமனை டேபிளில் ஊர்ப் பத்தியின் அளவு 40. அதை உருவாக்கியவர் 40 எழுத்து என்று நினைத்திருப்பார். ஆரக்கிளில் தனியாகச் சொல்லாவிட்டால், 40 என்பது 40 பைட். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. தமிழில் அது 13 குறி.

பீர்க்கன்கரணை என்று எழுதினால் பதின்மூன்று குறி, 39 பைட், உள்ளே போய்விடும். பீர்க்கன்காரணை என்று ஒரு கால் கூட எழுதினால் 42, வெளியே நிற்கும். ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். தாம்பரம் 24, பல்லாவரம் 27, செம்பாக்கம் 33, அனகாபுத்தூர் 36. பத்து ஊரில் மற்ற எல்லாம் அடங்கின. ஊரின் பெயர் நீளம் என்பதற்காக என் அத்தைக்கு இடது கண் பார்வை தள்ளிப்போயிருக்கிறது.

இந்தப் பட்டியலே மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் 40 அளவுப் பத்தியில் குறையில்லாமல் ஏறியது, ஏனென்றால் அவை எண்ணுவது குறிகளை. அதனால்தான் அறக்கட்டளைப் பட்டியலில் அத்தை இருந்தார். ஆரக்கிளிலும் 40-க்குப் பக்கத்தில் சார் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் எழுத்துக் குறிகளாக எண்ணும். மருத்துவமனை ஊழியர் போனில் பேசிக்கொண்டே மாற்றினார். பத்து நிமிடத்தில் 31 வரியும் ஏறின.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வோர் இம்போர்ட்டுக்கும் ஒரு வரி, மூன்று பத்தி: வந்தது, ஏறியது, ஒதுங்கியது. பின்னிரண்டும் சேர்ந்தால் முதலாவது வர வேண்டும். மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான். மைஎஸ்க்யூஎல் சில நேரம் பிழைகளை எச்சரிக்கையாகக் குறைத்துச் சொல்லிவிட்டு மேலே போய்விடும்; போஸ்ட்கிரெஸ் ஒரு வரி தவறினாலும் மொத்தத்தையும் மறுக்கும், 17-ஆம் பதிப்பில்தான் தவறியதை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் வசதி வந்தது. எது என்ன சொன்னாலும், இந்த மூன்று எண் ஒத்துப்போகாமல் அவர் அன்றைய வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. தங்கள் பக்கத்து ஃபைல்களுக்கு இதை விடாமல் செய்துவந்தார். மருத்துவமனைக்கு அனுப்பிய பட்டியலுக்கு அந்தக் கணக்கைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டதாக என்னிடம் வருத்தப்பட்டார்.

இப்போது எழுதினார். வந்தது 1,204. ஏறியது 1,173. ஒதுங்கியது 31. பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 31 திரும்ப ஏறியது என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு நோட்டை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு, அந்த 31 பேரின் போன் நம்பர்களைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார். பாதியைத் தம்பி எடுத்துக்கொண்டான், பாதியை அவர். நான் கிளம்ப எழுந்தபோது அவர் முதல் எண்ணைப் போட்டுவிட்டார்.

"வணக்கம்மா, கண் முகாம்லேர்ந்து பேசறேன். பெருங்களத்தூர்தானே? உங்களுக்கு ரெண்டாவது கண்ணு இன்னும் பாக்கலல்ல? எங்க மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோங்க. எந்த நாள் வசதிப்படும் சொல்லுங்க."

படியிறங்கும்போது என் போன் அடித்தது. அத்தை. "டேய், அவங்க கூப்டாங்கடா" என்றார்.